மேரிசாந்தி தன் கோதைத் தானே வெட்டினாள்

"அந்தக் கோப்பையில் பாதி என்னுடைய ஷெட்டுக்குச் சேர வேண்டும்" என்று கிரகாம் எழுந்து நின்று சொன்னபோது மண்டபம் முழுவதும் சிரித்தது. மேரிசாந்தியும் சிரித்தாள். தானும் சேர்ந்து சிரித்ததுதான் வீடு வரைக்கும் அவளை அரித்துக்கொண்டு வந்தது.

அது அவளுடைய துப்பாக்கிக் கழகத்தின் வருடாந்த மதியச் சாப்பாடு. ஒரு காலத்தில் ரயில் ஊழியர்கள் சேர்ந்து தொடங்கிய சின்னக் கழகம். இப்போது ஆசிரியர்களும் குழாய் திருத்துபவர்களும் ஓய்வுபெற்ற கணக்காளர்களும் கலந்து இருக்கிறார்கள். தமிழர் என்று பார்த்தால் மேரிசாந்தி ஒருத்திதான். லண்டனில் நிலக்கீழ் ரயில் நிலையம் ஒன்றில் வேலை. ரிக்கற் வாசலில் நிற்பதும், மேடையில் நின்று ரயில் கதவுக்குள் கை வைக்கிறவர்களைப் பார்த்துக் கத்துவதும் அவள் தொழில். ஐம்பதைத் தாண்டிவிட்டாள். கூட வேலை செய்த ஒருத்தி சும்மா வந்து பார் என்று கூட்டிப்போன இடம், பிறகு அந்த ஒருத்தி வராமல் விட, மேரிசாந்தி மட்டும் போய்க்கொண்டேயிருந்தாள். அந்த வருடம் லண்டனுக்கு வெளியே சரே பக்கத்து மைதானத்தில், காற்று குறுக்கே அடித்த ஒரு நாளில், தூர இலக்குப் போட்டியில் முதலாவதாக வந்திருந்தாள். கோப்பை அதற்குத்தான்.

கிரகாம் ஏன் பாதி கேட்டார் என்பதைச் சொல்ல வேண்டும்.

சுட்ட தோட்டாவில் கடைசியில் மிஞ்சுவது ஒரு பித்தளைக் கோது, வெறும் கூடு. இலக்குச் சுடுகிறவர்கள் அதை எறிவதில்லை. கழுவி, அச்சில் வைத்து அழுத்திப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, புது வெடிமருந்தும், பறந்துபோய் இலக்கில் படுகிற சன்னமும் புதிதாக வைத்துத் திரும்பவும் சுடுவார்கள். கடைத் தோட்டாவைவிட அது அவரவர் துப்பாக்கிக்குப் பொருத்தமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் பித்தளை மெல்ல நீண்டுகொண்டு போகும். நீண்டுபோன கோதின் வாய் துப்பாக்கிக்குள்ளே சன்னத்தை நெரித்துப் பிடித்தால் வெடிக்கும்போது அழுத்தம் எகிறும். துப்பாக்கிக்கும் கேடு, கன்னத்தை அதில் வைத்திருப்பவருக்கும் கேடு. ஆகவே ஒவ்வொரு கோதின் வாயையும் மயிரிழையளவு வெட்டிச் சரியான நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கென்று இருக்கும் கருவியைத்தான் ட்ரிம்மர் என்கிறார்கள்.

மேரிசாந்தி மற்ற எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தாள். வெட்டும் வேலை மட்டும் கிரகாமிடம் போனது. அவள் சேர்ந்த முதல் வருடமே அவர் அவளுடைய வலது கையைப் பார்த்துவிட்டு, "இதை என்னிடம் விட்டுவிடு மேரி" என்றிருந்தார். அவர் கழகத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளர். கெட்ட மனிதர் அல்ல. பிஸ்கற் ரின் ஒன்றில் கோதுகள் அவருடைய ஷெட்டுக்குப் போகும், வெட்டி மினுக்கித் திரும்பி வரும். அவளும் ஒவ்வொரு டிசம்பரிலும் நத்தாருக்கு அவருக்குக் கேக் கொடுத்துக்கொண்டு வந்தாள். நன்றி சொல்லிச் சொல்லியே அது வழக்கமாகிப் போனது. அந்த நன்றி இவ்வளவு தூரம் நீண்டு கோப்பை வரைக்கும் வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

அவளுடைய வலது கையில் பெருவிரலும் சின்ன விரலும்தான் முழுசாக இருக்கின்றன. நடுவிலிருந்த மூன்றும் பாதியோடு முடிந்துவிட்டன. மன்னாரில், பள்ளிக்கூடம் விட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது விழுந்த பீரங்கிச் செல் அது. லண்டனுக்கு வந்தபின் யார் கேட்டாலும் அவள் ஒளித்ததில்லை, கதையாகச் சொன்னதுமில்லை. "செல்" என்பாள், அவ்வளவுதான். எழுதுவது, மரக்கறி வெட்டுவது, பிள்ளைக்குத் தலை பின்னுவது எல்லாம் இடக்கைக்கு மாறிப்போயின. துப்பாக்கியும் தோட்டா ஏற்றும் பிடியை இடப்பக்கத்தால் இழுக்கிறது ஒன்றைத் தேடி, ஏற்கெனவே ஒருவர் பாவித்ததாக வாங்கினாள்.

சாப்பாடு முடிந்து கொலியர்ஸ் வுட்டிலுள்ள வீட்டுக்கு வந்து கோப்பையைச் சமையலறை மேசையில் வைத்தாள். கணவர் யேசுரட்ணம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துப் பார்த்து இப்போது பகலில் தூங்க முடியாமல் போன மனிதர்.

"என்ன, கோப்பையோட வந்திட்டு மூஞ்சியை இப்பிடி வச்சிருக்கிறீர்?"

சொன்னாள். சொல்லும்போதே கோபம் கூடியது.

"அவர் பகிடிக்குச் சொல்லியிருப்பார்."

"பகிடிதான். நானும் சிரிச்சனான். அடுத்த வருசம் அரைவாசி எண்டதை முக்கால்வாசி எண்டு சொல்லுவார், அதுக்கும் நான் சிரிக்கோணும்."

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"என்ர கோதை இனி நான்தான் வெட்டப் போறன்."

யேசுரட்ணம் அவளுடைய கையைப் பார்த்தார். பார்த்ததை மறைக்க உடனே வெங்காயத்தைப் பார்த்தார். அவருக்கும் போர் தெரியும். அவள் துப்பாக்கி வைத்திருக்கும் அறைக்குள் அவர் கால் வைப்பதில்லை. துப்பாக்கிப் பெட்டியின் திறப்பு எங்கே என்று கேட்டதுமில்லை. போகாதே என்று ஒருநாளும் சொன்னதுமில்லை.

"வெட்டும்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை லண்டனுக்குத் தெற்கே, பெருஞ்சாலைக்கு ஒதுங்கியிருந்த ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனாள். பொலிஸ் கொடுத்த அனுமதிப் பத்திரத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். ட்ரிம்மர் என்றதும் அவர் கண்ணும் நேரே அவள் கைக்குத்தான் போனது.

"உங்கள் கைக்கு மின்சாரத்தில் ஓடுவதுதான் சரி. கைப்பிடி சுற்றுகிற வேலையே இல்லை. மோட்டார் சுற்றும், நீங்கள் கோதை உள்ளே தள்ளினால் போதும்."

"கையால் சுற்றுகிறதைக் காட்டுங்கள்."

"அதில் கைப்பிடி வலப்பக்கம். உங்களுக்குச் சரிவராது. வீணாக ஏன் கஷ்டப்படுகிறீர்கள்?"

அவள் இன்னொரு முறை கேட்டாள். அவர் இன்னொரு முறை அதே பதிலைச் சிரித்த முகத்தோடு சொன்னார். பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருடமாக வரிசையில் நிற்கிறவர்களை நகரச் சொல்லிப் பழகியவளுக்கு, தன்னால் ஒரு வரிசை நிற்பது பிடிக்கவில்லை. மோட்டார் ட்ரிம்மரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

அது சரிவரவில்லை. கோதை உள்ளே தள்ளினால் போதும் என்றுதான் அவர் சொன்னார். சுழலும் கத்திக்கு முன்னால் அதை அசையாமல் பிடித்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. வலக்கையின் இரண்டு விரலால் கருவியை அமர்த்திப் பிடித்துக்கொண்டு இடக்கையால் கோதைத் தள்ளினாள். கோது கத்தியோடு சேர்ந்து சுழன்று தோலை உரசிச் சூடேற்றியது. வெட்டியவற்றை அளந்து பார்த்தால் ஒன்று நீளம், ஒன்று கட்டை, ஒன்றின் வாய் சரிந்து கிடந்தது. கையை மாற்றிப் பார்த்தாள். வலக்கைப் பெருவிரலுக்கும் சின்ன விரலுக்கும் நடுவே பிடித்த கோது திமிறித் திரும்பி, பெருவிரல் நகத்தைப் பாதிக்குக் கிழித்துக்கொண்டு போனது.

மோட்டாரை நிறுத்திவிட்டு, இரத்தம் வழிந்த விரலைத் தண்ணீரில் பிடித்தபடி மேரிசாந்தி வாய்க்குள் வந்த தூஷணம் முழுவதையும் தமிழில் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து தேவாலயப் பங்கு மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். யேசுரட்ணத்தின் தமக்கை லூர்தம்மா மேரிசாந்தியின் பெருவிரலில் சுற்றியிருந்த கட்டைக் கண்டுவிட்டார். லூர்தம்மா பங்கில் பெரிய ஆள். பீடத்துக்குப் பூ வைப்பதிலிருந்து யார் வீட்டுக் கலியாணத்துக்கு யார் சமையல் என்பது வரைக்கும் அவருடைய வாயைத் தாண்டித்தான் போகும். இந்தத் துப்பாக்கி விவகாரம் அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்தே அது அவருடைய குடும்ப மானத்தில் விழுந்த ஓட்டை.

"அது என்ன கையில?"

"நகம் கிழிஞ்சு போச்சு மச்சாள்."

"எதில?"

மேரிசாந்தி பொய் சொல்லியிருக்கலாம். மரக்கறி வெட்டினேன் என்றால் முடிந்துபோயிருக்கும்.

"தோட்டாக் கோது வெட்டேக்க."

பக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் கதையை விட்டார்கள். லூர்தம்மா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"ஆண்டவர் மிச்சம் விட்ட ரெண்டு விரலையும் நீயே குடுத்திட்டு வரப்போறாய். எங்கட சனத்தைக் கொன்று குவிச்சது அந்தத் துவக்கு. அதுக்குப் பயந்துதானே எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்ச ஓடி வந்தனாங்கள்? நீ என்னெண்டால் அதை விளையாட்டுச் சாமானெண்டு வீட்டுக்குள்ள கொண்டு வந்து வச்சிருக்கிறாய். செத்ததுகளின்ர முகத்தில முழிக்க ஏலுமோ உனக்கு?"

அதை அவர் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அவருடைய மூத்த மகன் ஊரில் காணாமல் போனவன். பங்கில் தெரியாதவர் இல்லை. அதனால் அவர் துப்பாக்கியைப் பற்றி ஒன்று சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மேரிசாந்தியும் இதுவரைக்கும் பேசியதில்லை.

"மச்சாள், உங்கட பிள்ளையை நான் மறக்கேல்லை. மறக்கவும் மாட்டன்" என்றாள். "ஆனா என்ர விரலைக் கொண்டுபோனவன் என்னட்டைக் கேட்டிட்டுக் கொண்டுபோகேல்லை. இது நான் கேட்டு எடுத்தது. அப்ப எப்ப முடியுமெண்டு தெரியாமல் பங்கருக்குள்ள குந்தியிருந்தனான். இப்ப நான் புல்லில படுத்துக்கொண்டு கடதாசிக்குச் சுடுறன். எனக்கு விருப்பமான நேரம் எழும்பி வீட்டை வாறன். சத்தம் எண்டால் என்னெண்டு எனக்குப் படிப்பிச்சது அவங்கள். அந்தச் சத்தம் எப்ப வரோணுமெண்டு இப்ப நான் சொல்லுவன்."

"வாய்" என்றார் லூர்தம்மா. "எல்லாத்துக்கும் வாய்."

"ஓம் மச்சாள். அதில ஒண்டும் குறையேல்லை."

லூர்தம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அந்தக் கிழமையிலிருந்து அவர் அவர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். யேசுரட்ணம் தமக்கை வீட்டுக்குத் தனியாகப் போய் வந்தார். போய் வந்து என்ன பேசினார்கள் என்று சொல்லமாட்டார், மேரிசாந்தியும் கேட்கமாட்டாள்.

நகம் ஆறும் வரைக்கும் அவள் வேறு வேலை பார்த்தாள். மேடையில் நின்றபோதும், வீட்டில் சட்டி கழுவும்போதும் தன்னுடைய வலது கையையே கவனித்தாள். எதைச் செய்ய முடியாது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அது என்ன செய்கிறது என்று அவள் பார்த்தாள். மூடியைத் திருகாது. சின்னக் குமிழை நெரித்துப் பிடிக்காது. ஆனால் உள்ளங்கையால் அமுக்கும். மாவைப் பிசையும். பாரமான கதவைத் தள்ளும். அவசரத்துக்கு ரிக்கற் வாசலை அதே கையின் அடிப்பக்கத்தால் அறைந்து திறந்துவிட்டு எத்தனை பேரை வெளியே விட்டிருக்கிறாள்!

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ட்ரிம்மரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் சுற்றுகிற கைப்பிடியைப் பற்றித்தான் பேசினார்கள். சுற்றுவதற்கு அவளுக்கு இடக்கை இருக்கிறது. அவளுக்குத் தொல்லை கொடுத்தது சுற்றுவதல்ல, பிடிப்பது. கோதை எது பிடிக்கிறது, அந்தப் பிடியை எப்படி இறுக்குவது என்று ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை. அவளும் கேட்டிருக்கவில்லை.

மறுபடி கடைக்குப் போனபோது மோட்டார் ட்ரிம்மரைப் பெட்டியோடு கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

"இது எனக்கு வேண்டாம். கையால் சுற்றுகிற எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள்."

"நான் போன முறையே சொன்னேனே..."

"சொன்னீர்கள். இந்த முறை நான் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்."

பின்னால் மறுபடியும் ஆட்கள் நின்றார்கள். இந்த முறை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாவது கருவியில் கோதைப் பிடிக்கும் வாயைத் திருகி இறுக்க வேண்டியிருந்தது, தள்ளி வைத்தாள். இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு சின்னது, இரண்டு கையின் விரல்களாலும் பிடித்துத் திருக வேண்டியது; அதை எடுத்தே பார்க்கவில்லை. கடைசியில் கடைக்காரர் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்தது பாரமானது, பார்வைக்கு அழகில்லாதது. அதில் கோதை வைத்து ஒரு நெம்புகோலை அமுக்கினால் பிடிக்கும் தாடை இறுகிக்கொள்ளும். மேரிசாந்தி வலக்கையின் உள்ளங்கையை அந்த நெம்பின்மேல் வைத்து அமுக்கினாள். கோது ஆடாமல் நின்றது. விட்டாள். விழுந்தது. மறுபடி வைத்தாள், அமுக்கினாள். நெம்பு அவளுடைய கைக்காகவே வார்த்ததுபோல் இருந்தது.

"ஆனால் கைப்பிடி வலப்பக்கம்தான் இருக்கிறது" என்றார் கடைக்காரர். "இதை யாரும் இடப்பக்கத்துக்குச் செய்வதில்லை."

மேரிசாந்தி மேசையின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு அவர் நின்ற பக்கத்துக்குப் போனாள். அவர் ஒதுங்கி நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. இடக்கையால் பிடித்துச் சுற்றினாள். மற்றவர்கள் மேலாகத் தள்ளிச் சுற்றுவதை அவள் தன் பக்கம் இழுத்துச் சுற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"இது" என்றாள்.

வரிசையில் நின்ற ஒரு கிழவர் மெல்லச் சிரித்தார். அதைப் பாராட்டு என்று எடுப்பதா இல்லையா என்று யோசிக்க அவள் நிற்கவில்லை.

யேசுரட்ணம் முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தார். துப்பாக்கிப் பெட்டியின் பக்கம் திரும்பாமல், மேசைப் பலகையில் துளை போட்டு, ட்ரிம்மரைப் பின்பக்கம் முன்னாக வைத்துப் பூட்டினார். முறுக்காணியை இறுக்கிவிட்டு ஆட்டிப் பார்த்தார்.

"பிழையான பக்கம் பூட்டினமெண்டு ஆரும் பார்த்தால் சொல்லுவினம்."

"பார்க்கிற ஆக்கள் மற்றப் பக்கம் வந்து நிக்கட்டும்."

அவர் சிரித்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சாத்தவில்லை.

முதலில் வெட்டியவை வீணாகப் போயின. எந்த நீளத்தில் கத்தி நிற்க வேண்டும் என்று அமைக்கும் ஆணியைச் சரியாகப் பூட்டாமல் விட்டதால் வெட்ட வெட்ட அது நகர்ந்தது. அவற்றைக் கழிவுப் பித்தளையோடு போட்டாள். அடுத்த முறை ஆணியைக் குறட்டால் இறுக்கினாள். நெம்பை அமுக்க, கோது பிடிபட்டு நிற்க, இடக்கை இழுத்துச் சுற்ற, பித்தளை மெல்லிய சுருளாகக் கழன்று மேசையில் விழுந்தது. அளந்தாள். சரி. இன்னொன்று. அதுவும் சரி. வேலைக்குப் போகும் வரைக்கும் எழும்ப மனம் வரவில்லை.

கிரகாமுக்கு அவள் நேரிலேயே சொன்னாள். "இனி நானே வெட்டுகிறேன். இவ்வளவு நாளும் செய்ததற்கு நன்றி." அவர் முகம் சுருங்கியது. பகிடி செய்ததற்காகவா என்று கேட்டார். அதற்காகவும்தான் என்றாள். அடுத்த சனிக்கிழமை கழக அறையில் எல்லோரும் இருக்கும்போது அவர் எழுந்தார்.

"பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். மேரி இனித் தானே கோது வெட்டப் போகிறாள். நல்ல விஷயம். ஆனால் அவளுடைய நிலைமையைப் பார்த்தால், மருந்து நிரப்புவதற்கு முன் அவளுடைய கோதுகளை ஒவ்வொரு முறையும் நான் ஒருதரம் பார்த்துவிடுவது எல்லோருக்கும் நல்லது."

சிலர் தலையாட்டினார்கள். கழகச் செயலாளர் ஜூடித், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, பேனாவை எடுத்தார்.

"என்னுடைய எந்த நிலைமை?" என்று கேட்டாள் மேரிசாந்தி.

கிரகாமின் கண் அவளுடைய வலது கைக்குப் போய் வந்தது.

"கை என்று சொல்லுங்கள் கிரகாம். எனக்கு அந்தச் சொல் தெரியும்."

"சரி, கை. நான் அக்கறையில்தான் சொல்கிறேன்."

"அக்கறை என்றால் எல்லோர்மேலும் இருக்க வேண்டும். நீளக் கோது கையைப் பார்த்து வெடிப்பதில்லை. என்னுடையதைப் பார்ப்பதென்றால் இந்த அறையில் வீட்டில் நிரப்புகிற எல்லோருடையதையும் பாருங்கள். இல்லையென்றால் என்னுடையதையும் தொட வேண்டாம்."

அவள் பையிலிருந்து கோது ரின்னை எடுத்து மேசையில் வைத்தாள். கிரகாம் தன்னுடையதையும் எடுத்து வைத்தார். அவரிடம் அந்த நேர்மை இருந்தது. நீல் என்ற குழாய் வேலைக்காரன், அந்தச் சாப்பாட்டு மண்டபத்தில் எல்லோரிலும் பெரிதாகச் சிரித்தவன், தன்னுடையது காரில் இருக்கிறதென்றான்.

"அப்படியானால் காருக்குப் போ" என்றார் ஜூடித்.

நீளம் பார்ப்பதற்கென்று கழகத்தில் ஓர் உருக்குத் துண்டு இருந்தது. அதிலுள்ள வெட்டுக்குள் கோது நுழைந்தால் சரி, முட்டினால் நீளம். கிரகாமுடையவை எல்லாம் நுழைந்தன. நீலுடையவற்றில் பல முட்டின. எப்போது கடைசியாக வெட்டினான் என்பது அவனுக்கே நினைவில்லை. மேரிசாந்தியுடையதைக் கிரகாம் எடுக்கப்போக, "நானே பார்க்கிறேன்" என்று உருக்குத் துண்டை வாங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றாக நுழைத்தாள். நடுவில் ஒன்று முட்டியது.

கிரகாம் அதைக் கண்டுவிட்டார். வேறொருவர் மெதுவாக, "பரவாயில்லை மேரி, இந்தக் கையோடு..." என்று தொடங்கினார்.

"கையால் வந்ததில்லை" என்றாள். முட்டிய கோதை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தாள். "பிடி சரியாக இறுகுமுன்னே வெட்டியிருக்கிறேன். வேலைக்கு நேரமாகிவிட்டதென்ற அவசரம். என்னுடைய பிழை. இதற்கு முன் என் கோதில் பிழை வந்தால் அது கிரகாமுடைய பிழை. இனிமேல் என்னுடையது. அதைத்தான் நான் கேட்கிறேன்."

அதை அவள் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மற்றவற்றை நுழைத்துப் பார்த்து முடித்தாள். எல்லாம் நுழைந்தன.

ஜூடித் எழுதிய விதி ஒரே வரிதான்: வீட்டில் நிரப்புகிற எல்லோரும் போட்டிப் பருவத்தில் ஒருமுறை கோதுகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். நீல் முணுமுணுத்தான். கிரகாம் ஆதரவாகக் கை தூக்கினார். கை தூக்கும்போது மேரிசாந்தியைப் பார்க்கவில்லை.

அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டியன்று மழை தூறியது. ஈரப் பாயில் குப்புறப் படுத்து, தான் வெட்டி நிரப்பிய தோட்டாக்களால் சுட்டாள். காற்று மாறியதை ஒருமுறை பிந்திக் கவனித்தாள். இரண்டு சூடு வெளியே போய்விட்டன. நாலாவதாக வந்தாள். சாமான்களைக் கட்டும்போது நீல் பக்கத்தில் வந்து, "கிரகாமுடைய ஷெட்டை விட்டிருக்கக் கூடாது" என்றான்.

"போன வருடக் கோப்பையில் பாதியை அவர் வெட்டி எடுக்கட்டும், கத்தி அவரிடம் இருக்கிறது" என்றாள் மேரிசாந்தி. "இன்றைய நாலாமிடம் முழுக்க என்னுடையது."

சற்றுத் தள்ளி நின்ற கிரகாமுக்கு அது கேட்டிருக்க வேண்டும். அவர் தன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. காருக்குப் போகும் வழியில் மட்டும், "அந்த நெம்பு வைத்ததை எங்கே வாங்கினாய்?" என்று கேட்டார். "என் பெருவிரல் மூட்டு இப்போதெல்லாம் காலையில் மடங்க மறுக்கிறது." அவள் கடையின் பெயரைச் சொன்னாள். கேக் கொடுப்பதை அவள் அந்த நத்தாருக்கும் நிறுத்தவில்லை. ஆனால் அது வெறும் கேக்காக இருந்தது.

லூர்தம்மா மட்டும் மாறவில்லை. பூசையில் கண்டால் யேசுரட்ணத்தோடு கதைப்பார். மேரிசாந்தியைத் தாண்டி அடுத்தவரைப் பார்ப்பார். மேரிசாந்தி ஒவ்வொரு ஞாயிறும் "தோத்திரம் மச்சாள்" என்று சொல்லிவிட்டுப் போவாள். பதில் வராது. வராதென்று தெரிந்தே சொல்வாள்.

உயிர்ப்புத் திருநாள் கழிந்து ஒரு ஞாயிறு, மண்டபத்தில் இடியப்பமும் சொதியும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பிறேமினி என்ற பெண் தட்டை ஏந்திக்கொண்டு மேரிசாந்தியின் பக்கத்தில் வந்து இருந்தாள். பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்பவள். கலியாணம் கட்டி வவுனியாவிலிருந்து வந்தவள். அதிகம் பேசமாட்டாள். பட்டாசுக் காலத்தில் வீட்டுக்குள் எல்லா லைற்றையும் போட்டுக்கொண்டு, ரீவியைப் பெரிதாக வைத்துக்கொண்டு இருப்பாள் என்று பங்கில் பேசிக்கொள்வார்கள்.

"அக்கா, உங்கட அந்தக் கிளப்பில பொம்பிளையளைச் சேர்ப்பினமோ?"

அவள் மெதுவாகத்தான் கேட்டாள். அடுத்த மேசையில் லூர்தம்மாவின் கை சொதிக் கரண்டியோடு நின்றது.

மேரிசாந்தி குரலைத் தாழ்த்தவில்லை. "சேர்ப்பினம். முதல்ல கட்டடத்துக்குள்ள வச்சுச் சின்னத் துவக்கில பழக்குவினம். விசாரிக்கிறதெல்லாம் விசாரிச்சிட்டுத்தான் எடுப்பினம். ஏன், வரப்போறீரோ?"

"தெரியேல்லை அக்கா. சத்தத்துக்கு எனக்குச் சரியான பயம். உங்களுக்குப் பயமா இருக்கேல்லையோ?"

"முதல் நாள் காதை மூடிக்கொண்டு கக்கூசுக்குள்ள நிண்டு அழுதனான்" என்றாள் மேரிசாந்தி. "ரெண்டாம் நாளும் போனனான்."